விட்டு வைத்த சொத்தை

என் வாயில் வலப்பக்கம், கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இருக்கிறது. பாதிக்கு மேல் வெள்ளிக் கலவை, மீதி என்னுடையது. மற்றவை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. முறுக்கானாலும் பட்டாணியானாலும் இந்தப் பக்கம்தான் தள்ளிக் கடிக்கிறேன். இளம் பல் டாக்டர்கள் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு ஆன்டி செஞ்சது? இவ்வளவு ஆழமா இருந்திருக்கே!" என்று கேட்பார்கள். பாதி ஒரு சீன டாக்டர், பாதி நான் என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மலாய் நாட்டில் முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ரயில் பட்டறையில் ஃபிட்டர் என்பதால் எங்கள் அடுப்பு அணையவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அதில் அவர், நான், அவருடைய அம்மா. மாமியார் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மாமனார் போன பிறகு மகனிடம் வந்துவிட்டார். எனக்கு இருபது வயது, வாயும் வயிறுமாக இருந்தேன். தலைப்பிள்ளை.

எனக்குச் சுத்தப் பைத்தியம் என்று அந்த வரிசை முழுக்கப் பெயர். அரிசியை ஐந்து தண்ணீர் கழுவுவேன், சட்டியின் அடியை வெளியிலும் தேய்ப்பேன். அடுத்த வீட்டுக்காரி என் வாசற்படியை மிதிக்கவே பயப்படுவாள். அப்படிப்பட்டவள் வாய்க்குள்ளேயே ஒரு குழி விழுந்திருந்தது எனக்கு எத்தனை அவமானம் என்று சொல்லி முடியாது. கரித்தூளும் உப்பும் வைத்து விரல் தேயத் தேய்த்தவள் நான். ஆனாலும் விழுந்தது.

ஐந்தாம் மாதம் அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது வரை சுரீரென்று இழுக்கும். இனிப்புப் பட்டாலும் அப்படியே. கடித்தால் பருக்கை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இடப்பக்கம் கடிக்கலாமே என்பீர்கள். அங்கே கடித்தாலும் நாக்கு சோற்றை இங்கே கொண்டுவந்து தள்ளும், நாக்குக்கு விவஸ்தை கிடையாது. கடைசியில் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை, அதுவும் ஆறவைத்த கஞ்சி. மாதா மாதம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவச்சி முகத்தைச் சுளித்தாள்.

"மாசத்துக்கு வயிறு பத்தலையே. இப்படிக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டிருந்தா புள்ள எலிக்குஞ்சா வரும். பல்லப் பாரு மொதல்ல" என்றாள்.

பல்லைப் பார்ப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், பிடுங்குவது. வலித்தால் பிடுங்கு, இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. நடுவில் வேறொரு வழி இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. நான் பிடுங்கத் தயாராகவே இருந்தேன். மாமியார்தான் குறுக்கே நின்றார்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டுப் பல்லப் புடுங்கக் கூடாது. புடுங்குனா புள்ள தங்காது" என்றார்.

"அப்ப நான் சாப்பிடாம இருந்தா மட்டும் தங்குமா அத்தே?"

"கஞ்சி குடிச்சா தங்கும். பல்லு போனா தங்காது. இதுல வெளையாடாத."

வழக்கமாக என்னிடம் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறவர், இந்த ஒரு பேச்சில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் பட்டிக்காட்டுப் பயம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பிடுங்கக் கூடாது என்றவர் சும்மா இருக்கவில்லை. பல்லுக்குள் புழு இருக்கிறது, அது வெளியே வந்தால் வலி போய்விடும் என்று, கிள்ளானிலிருந்து கண்டங்கத்திரி விதை வாங்கிவரச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். நடுவில், தண்ணீருக்கு மேலே நிற்கும்படி, பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. அதன் மேல் எண்ணெயில் பிசைந்த விதை. எல்லாவற்றையும் ஓட்டைபோட்ட கொட்டாங்கச்சியால் மூடி, ஓட்டையில் பப்பாளித் தண்டைச் செருகி, தண்டின் மறுமுனையை என் வாயில் வைத்தார். புகை வாய் நிறைந்தது. இருமினேன், கண்ணீர் கொட்டியது. ஓய்ந்ததும் கொட்டாங்கச்சியைத் தூக்கிக் காட்டினார். தண்ணீரில் வெள்ளையாய், நூல் துண்டுபோல் வளைந்து, நாலைந்து புழுக்கள்.

"பாத்தியா?"

பார்த்தேன். அரிசியை ஐந்து தண்ணீர் கழுவுகிற என் வாயிலிருந்து இவை விழுந்தனவா? அன்றைக்கு வலி கொஞ்சம் குறைந்ததென்னவோ உண்மை. மறுநாள் மதியம் வழக்கம்போல் திரும்பி வந்தது.

என் கணவர் அதிகம் பேசாதவர். பட்டறையில் யாரோ சொன்னார்கள் என்று, ஹை ஸ்திரீட்டில் மாடியில் இருந்த ஒரு சீனப் பல் டாக்டரிடம் என்னை அழைத்துப் போனார். அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொன்னார். வாசலில் பெரிய பல் ஒன்றைப் பலகையில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் தையல் மெஷின்போல் காலால் மிதித்துச் சுழற்றும் ஒரு துளைப்பான். நாற்பது வயதிருக்கும் டாக்டருக்கு. அவரும் நாங்களும் பேசிக்கொண்டது சந்தையில் புழங்கும் பாசார் மலாயில்தான். என்னைத் 'தங்காச்சி' என்று கூப்பிட்டார்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கேள்விகள் கேட்டார். "குளிர் பட்டா வலிக்குதா? எவ்வளவு நேரம் நிக்குது?"

"பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்."

"சூடு பட்டா?"

"அவ்வளவா இல்ல."

"ஒண்ணும் படாம, சும்மா படுத்திருக்கும்போது தானா வலி வருதா? தூக்கத்துல எழுப்புதா?"

"இல்ல."

அதற்குத்தான் அவர் தலையாட்டினார். பல்லுக்குள்ளே ஒரு நரம்பு இருக்கிறது, சொத்தை அதன் பக்கம் போய்விட்டது, ஆனால் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார். தானாக வலித்திருந்தால் பேச்சே இல்லை, பிடுங்குவதுதான். "இப்ப காப்பாத்தலாம். நல்ல பல். இன்னும் அம்பது வருஷம் சோறு மெல்லும்."

சின்னஞ்சிறு கரண்டிபோன்ற ஒன்றால் சுரண்டத் தொடங்கினார். ஈரச் சொத்தை கசகசவென்று வந்தது. குழியின் ஓரங்களைத் துளைப்பானால் வெள்ளையாகும் வரை சுத்தம் செய்தார். பல்லைக் கடித்துக்கொள்ள முடியாததால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அடிக்குப் போனார். அங்கே இரண்டு மூன்று தரம், இறகால் தொடுவதுபோல் எடுத்தார். நிறுத்திவிட்டார்.

கையில் கண்ணாடி கொடுத்து எனக்கே காட்டினார். ஓரமெல்லாம் பளிச். அடியில் மட்டும் பழுப்பாய், ஊறிய தோல்போல் ஒரு படலம்.

"இன்னும் இருக்கே!" என்றேன்.

"இருக்கு. விட்டுடப் போறேன்."

"கோத்தோர்!" என்றேன். அழுக்கு என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தை. அழுக்கை உள்ளே வைத்து மூடுகிற ஓர் ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தங்காச்சி, மண்சட்டியில சோறு அடிப்பிடிச்சா என்ன செய்வ?"

"தேய்ப்பேன்."

"இரும்புக் கரண்டி வச்சு, அடி தெரியுற வரைக்குமா?"

"இல்ல. அப்படிச் செஞ்சா சட்டி ஓட்டையாயிடும். தண்ணி ஊத்தி ஊற வைப்பேன்."

"அவ்வளவுதான். இதுக்கு மேல சுரண்டுனா நரம்பு திறந்துடும். திறந்தா ஒண்ணு நரம்பச் சாகடிக்கிற மருந்து வைக்கணும். அது விஷ மருந்து, வயித்துப் பிள்ளைக்காரிக்கு நான் வைக்க மாட்டேன். இல்லாட்டிப் பிடுங்கணும்." விட்டுவைத்த சொத்தைக்கு மேலே கிராம்பு எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்து அடைத்து, அதற்கு மேலே இறுகும் பூச்சு ஒன்றைப் போட்டுவிட்டால், காற்றும் சோறும் போகாமல் சொத்தை பட்டினி கிடக்கும் என்றார். உள்ளே இருக்கும் நரம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒரு சுவர் எழுப்பும். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துத் திறந்து பார்ப்பார். சுவர் எழும்பியிருந்தால் மீதியை எடுத்துவிட்டு வெள்ளி அடைப்பார்.

"எழும்பலைன்னா?"

"நடுவுலயே தானா வலி வரும். வந்தா அன்னிக்கே வா. பிடுங்கிடலாம். வலி வராத வரைக்கும் அதுல கை வைக்காத."

என் கணவர் கீழே இறங்கும்போது, "நீ கை வைக்காம இருப்பியா?" என்று கேட்டார். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

அன்று சாயங்காலம் சூடான சோறும் கருவாட்டுக் குழம்பும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அத்தனை நாளுக்குப் பிறகு மென்று சாப்பிடுவது எப்படி இருந்தது என்றால், எனக்கு அழுகை வந்துவிட்டது. கிராம்பு வாசம் அடித்ததில் மாமியாருக்கு விஷயம் தெரிந்துபோனது. பிடுங்கவில்லை என்று கேட்டு முதலில் நிம்மதியாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு, உள்ளே கொஞ்சம் சொத்தையை விட்டுவைத்து டாக்டர் மூடியிருக்கிறார் என்று நான் வாய் தவறிச் சொன்னேன். வந்தது வினை.

"புழுவ உள்ள வச்சு மூடிட்டானா? அது வெளிய வர வழியில்லாம உள்ள எறங்குமேடி! பல்லுல எறங்குனது வயித்துக்கு எறங்க எவ்வளவு நேரம்?"

அன்றிலிருந்து தினமும் ஒரே பாட்டு. அடைத்ததை எடுத்துப் போடு, இன்னொரு தரம் புகை போடுவோம். வாயே திறக்க மாட்டேன் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். மாமியார் சொல்லுக்கு மருமகள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே வீடு பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையதாகத்தான் இருக்கும், அதுவும் மரியாதைக்காக இல்லை.

ஆனால் எனக்குள்ளேயும் ஒரு மாமியார் உட்கார்ந்திருந்தாள் என்பதை மறைக்க மாட்டேன். அழுக்கு உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நாக்கு தானாகப் போய் அந்தப் பூச்சைத் தடவும். புழுக்களைக் கண்ணால் பார்த்தவள் நான். அவை அங்கே கிடந்து நெளிவதாகத் தோன்றும். வயிற்றில் பிள்ளை புரண்டால்கூடப் புழுவின் வேலையோ என்று திடுக்கிடுவேன். ஏழாம் மாதம் ஒரு மதியம், மாமியார் கடைக்குப் போயிருந்தபோது, கொண்டை ஊசியை நிமிர்த்திக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு நெம்பினால் போதும். வைத்தும் விட்டேன்.

அப்போதுதான் ஒன்று புத்தியில் தட்டியது. டாக்டர் கண்ணாடி கொடுத்துக் காட்டினாரே, அந்தக் குழிக்குள் ஒரு புழுவும் இல்லையே? கரண்டியில் வந்ததும் மசியல்தானே, நெளிவது ஒன்றும் வரவில்லையே? பிறகு நாலைந்து எங்கிருந்து விழுந்தன?

ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மிச்ச விதை டப்பாவில் இருந்தது. அதே கிண்ணம், அதே தண்ணீர், அதே இரும்புத் துண்டு, எண்ணெய், விதை, கொட்டாங்கச்சி. ஒன்றே ஒன்று மட்டும் மாற்றினேன். பப்பாளித் தண்டை என் வாயில் வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். புகை சுவரில் போய் முட்டியது. அடங்கியதும் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஆறு புழுக்கள். என் வாயைவிட எங்கள் சுவரில் அதிகம்!

ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். சூட்டில் வெடித்த விதைக்குள் சுருண்டிருந்த முளைக்குருத்து அது. வேறொன்றும் இல்லை.

மாமியார் வந்ததும் கிண்ணத்தைக் காட்டினேன். அவர் கண்முன்னேயே இன்னொரு தரமும் செய்தேன். ஜெயித்த திமிரில் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். "செவுத்துக்கும் பல்லு வலியா அத்தே?" என்றுகூடக் கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார்.

"சரி, புழு இல்ல. ஆனாலும் புடுங்க மட்டும் போகாத. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்" என்றார்.

காலைப் பிடிக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பல் வலிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். தானாக வலிக்கிறதா? இல்லை. எட்டாம் மாதம் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுவிட்டு, "இப்பத்தான் வயிறு மாதிரி இருக்கு" என்றாள். கார்த்திகையில் பெண் பிறந்தாள். எலிக்குஞ்சு இல்லை, பூசணிப் பிஞ்சு. அழுத அழுகையில் குவாட்டர்ஸ் முழுக்க எழுந்தது.

நாற்பது கழிந்து ஹை ஸ்திரீட்டுக்குப் போனபோது மாமியாரும் வந்தார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். டாக்டர் பூச்சை உடைத்து எடுத்தார். நான் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். ஊறிய தோல்போல் இருந்த அடி இப்போது கறுத்து, காய்ந்து கிடந்தது. கரண்டியால் சுரண்டினார், தூளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே தட்டினார். டக், டக் என்று கல்லில் தட்டுவதுபோல் கேட்டது.

"கேட்டியா? சுவர் எழும்பிடுச்சு" என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம்.

வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சின்னக் குழியம்மியில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்தினார். இன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் கடிக்காதே என்றார். நான் நாற்காலியைவிட்டு இறங்கினேன். மாமியார் பிள்ளையை என்னிடம் தராமல் டாக்டருக்கு முன்னே போய் நின்றார். தோட்டத்தில் கற்ற மலாயில் கேட்டார்.

"தௌகே, கீகி சாபுட், அனாக் மாத்தி கா?"

பல்லைப் பிடுங்கினால் பிள்ளை சாகுமா. டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் கேள்வி எங்களைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொண்டார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"தடாலா. இல்ல. வயித்துப் பிள்ளைக்காரிங்க எத்தனை பேருக்குப் பிடுங்கியிருக்கேன். பிள்ளைங்க ஓடி வெளையாடுது" என்றார். "எப்ப நடந்துச்சு?"

மாமியார் சொன்னார். என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை வயிற்றில் இருந்தது. ஏழாம் மாதம். பல் வலி தாங்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் பிடுங்கிக்கொண்டார். நாலாம் நாள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

"உனக்கு டெமாம் இருந்துச்சா? காய்ச்சல்?"

"இருந்துச்சு. நடுக்குற காய்ச்சல். அப்ப லயத்துல எல்லாருக்கும்தான் இருந்துச்சு. காட்ட வெட்டித் தோட்டம் போட்ட வருஷம்."

"வேற பொம்பளைங்களுக்கும் பிள்ள போச்சா? பல்லு பிடுங்காதவங்களுக்கு?"

மாமியார் யோசித்தார். உதடு அசைய ஒவ்வொரு வீடாக எண்ணினார். "போச்சு. நாலு பேருக்குப் போச்சு."

"அப்ப டெமாம்தான். பல் இல்ல" என்றார் டாக்டர். மாமியார் திரும்பக் கேட்டார். அவர் திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாம் தரமும் கேட்டார், மூன்றாம் தரமும் அலுக்காமல் சொன்னார். அந்த மனுஷரிடம் என் பல்லுக்காக எனக்கிருந்த நன்றியைவிட இதற்காக இருந்த நன்றி பெரிது.

படியிறங்கி, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி வழிக்கு வந்தோம். மாமியார் ஒரு கடை வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான், மாமனாருக்குக்கூட அழாதவர் என்று கேள்வி.

"ஒரு பல்லு வலியக்கூடப் பொறுக்க முடியலையா உனக்கு, என் புள்ளையத் தின்னுட்டியேன்னாருடி உன் மாமனாரு. முப்பது வருஷம். குடிச்சாலும் சொல்லுவாரு, குடிக்காட்டியும் சொல்லுவாரு. நானும் ஆமான்னுதான் இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு மாமனார் உயிரோடு இருந்திருந்தால் அன்று என்ன செய்திருப்பேனோ தெரியாது. சுவருக்கும் பல் வலியா என்று நான் கேட்டது ஞாபகம் வந்து, அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தார்.

"இப்பச் சொல்லலாம்னா, அந்த மனுசன் போயிட்டாரே. நான் தின்னலைன்னு யாருகிட்டடி போய்ச் சொல்லுவேன்?"

"என்கிட்ட சொல்லுங்க அத்தே" என்றேன்.

சொன்னார். வீடு வந்து சேரும்வரை சொன்னார். அந்தப் பிள்ளைக்கு அவர் வைக்க நினைத்திருந்த பெயரையும் சொன்னார். அதுவரை அதை யாரும் கேட்டதில்லையாம்.